மாமா வாயைத் திறந்தார்

வாயைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று அந்த மாடிப்படியில் ஏறினார் மாமா. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தெரிந்த முகம் எதுவும் பின்னால் வரவில்லை.

"பேரு?" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்.

தன் ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கும் செருப்புக் கடைக்காரரின் பெயரைக் கூசாமல் சொன்னார். போகிற மானம் அந்த ஆளுக்காவது போகட்டும்.

"என்ன பிரச்சினை?"

மாமா கைக்குட்டையை அவிழ்த்து வாயைத் திறந்தார். அவள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். உள்ளே டாக்டர் அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஊரையே "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பிழைக்கிற போட்டோக்காரர் மாமா. ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் மேல் அவருக்குத் தனிப் பாசம். அவர்களும் சிரிக்கக் கூடாது.

இப்படிப் பாடுபட்டு மூடி வைத்திருந்த வாய்க்கு, அக்கா மகள் ரூபத்தில் வந்தது வினை. பல் டாக்டருக்குப் படிக்கிறாள், கடைசி வருடம். போன வாரம் அக்காவோடு வீட்டுக்கு வந்தவள், "மாமா, ஒரு உதவி. கடைசிப் பிராக்டிகல் பரீட்சைக்கு ஆளை நாங்களேதான் கூட்டிட்டுப் போகணும். நீங்க வந்து வாயைத் திறந்துட்டு உட்கார்ந்தா போதும்" என்றாள்.

"ஏன், நான் வரேன். என் பல்லுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா. காலையும் ராத்திரியும் பல் தேய்த்து, எதைத் தின்றாலும் வாய் கொப்பளித்து, வருடம் தவறாமல் டாக்டரிடம் காட்டி வருகிறவள்.

"நீ சும்மா இரும்மா. எனக்கு மாமாதான் வேணும்" என்றாள் அவள், மாமாவின் முகத்தைப் பார்க்காமல். "பாஸாகலேன்னா ஆறு மாசம் வீணாயிடும் மாமா. கைவிட்டுடாதீங்க."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவளையே ஒதுக்கிவிட்டுத் தன்னைக் கூப்பிடுகிறாளே! அந்த உருக்கத்தில் தலையாட்டிவிட்டார்.

அவர்கள் போன பிறகு குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'ஈ' என்று இளித்துப் பார்த்தபோதுதான் தலையாட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. பல்லும் ஈறும் சேருகிற இடமெல்லாம் பழுப்பும் மஞ்சளுமாய்க் கல் போல இறுகிக் கிடந்தது. டீக்கடை பாய்லரின் உட்புறம் இதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் என்ன நினைப்பார்? சொந்த மாமன் வாயைக் கவனிக்கத் துப்பில்லாதவள், ஊரார் வாயைக் கவனித்துக் கிழிக்கப் போகிறாளா என்று கேட்க மாட்டாரா? தன் வாயால் ஒரு பெண்ணின் படிப்பு கெடுவதா? ஒரு வாரம் வெட்கத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, நாளைக்குப் பரீட்சை என்கிற நிலையில்தான் இந்த மாடியேறினார்.

"ஈறுல ரத்தம் வருமா?" என்றார் டாக்டரம்மா.

"வரும். அதனால அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போறதில்லை."

"அழுக்கு இருக்கிறதாலதான் ரத்தமே வருது. நீங்க தேய்க்காம விட்டா அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். ராத்திரி தேய்க்கிற பழக்கம் உண்டா?"

மாமா தலைக்கு மேலிருந்த விளக்கை ஆராய்ந்தார்.

"சரி, கடைசியா யார்கிட்ட பல்லைக் காட்டினீங்க?"

"சின்ன வயசுல, எங்க கணக்கு வாத்தியார்கிட்ட. அறைஞ்சுட்டார்."

கருவி கொர்ரென்று இரைந்தது. துப்பச் சொன்னபோதெல்லாம் கிண்ணத்தில் விழுந்ததைப் பார்க்கக் கூசி, கண்ணை இறுக மூடிக்கொண்டே துப்பினார். எல்லாம் முடிந்து கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது, இது யாருடைய பல் என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

மறுநாள் கல்லூரிக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். அக்கா மகள் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"பயப்படாதே. மாமா இருக்கேன்ல" என்றார், உதட்டைப் பிரிக்காமல். முதல் தரிசனம் எக்ஸாமினருக்குத்தான் என்று முடிவு செய்திருந்தார்.

எக்ஸாமினர் வந்தார். "ம், திறங்க."

மாமா காது வரைக்கும் திறந்தார்.

குட்டிக் கண்ணாடியை விட்டு மேலே, கீழே, பல்லுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தார் எக்ஸாமினர். புருவம் ஏறியது. பக்கத்து நாற்காலி அருகே நின்ற இன்னொரு எக்ஸாமினரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அடேயப்பா, பொட்டு அழுக்கு இல்லையே!" என்றார் அவர்.

மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது. தலையைத் திருப்பி அக்கா மகளைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. ஆனந்தக் கண்ணீர்! எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அத்தனை பல்லும் தெரிய, வாய் நிறையச் சிரித்தார் மாமா.

அவள் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். குனிந்து, அவர் காதோரம் சொன்னாள்:

"அந்த அழுக்கை எடுத்துக் காட்டுறதுதான் மாமா எனக்குப் பரீட்சையே!"