ஜோதிக்கு வறுத்த மீன்

“ரெண்டு துண்டு தனியா வறுத்துடு. எங்கூட வேலை செய்ற ஜோதி கேட்டுச்சு” என்றான் வெங்கடேசன், ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே.

“ஏன், அந்த மகாராணி வூட்ல அடுப்பு இல்லியா?” என்றாள் அவன் மனைவி அம்சவல்லி.

“உன் கை மீனுதான் வேணுமாம்.”

போன வாரமும் இதே பேச்சுதான். அம்சவல்லிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? மீன்மேல் உப்பைக் கை நிறைய அள்ளி அப்பினாள். தின்னட்டும், நாக்கு வெந்துபோகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை ஜோதியே வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, மீன்ல அவ்ளோ உப்பா?”

“ஏன், தொண்டையில இறங்கலியாடி?”

“அதை யாருக்கா தின்னாங்க? நாங்க மக்கிப்போற கவர் செய்றோம். சாப்பாட்டைக் கெடாம காக்குற கவர். ஒரு துண்டை அதுல சுத்தி வெப்போம், இன்னொன்னைச் சும்மா வெப்போம். சும்மா வெச்சது நாறணும். கடை மீன்ல எதையாவது கலந்திருப்பாங்கன்னுதான் உங்க மீனைக் கேட்டோம். இந்த வாட்டி ரெண்டுமே கெடல. கருவாடு போட்டுட்டீங்க! டெஸ்ட்டே போச்சு. மேனேஜரு நம்ம வெங்கடேசன் அண்ணனைக் காய்ச்சி எடுத்துட்டாரு.”

அம்சவல்லியின் வயிற்றெரிச்சல் அப்படியே அடங்கியது. அடுத்த நொடியே முகம் சிவந்தது.

“அப்போ இத்தினி நாளா என் மீனை நாற வுட்டுக்கினு இருந்தீங்களா? ஒருத்தராவது ஒரு வாய் தின்னு பாக்கலியா?”