டைகரின் மிச்சம்

"அவன் செத்து ஒரு மாசமாப் பெய்த்து. ஆனா அவன்ட உசிர் இன்னும் ஒங்கட கைக்குள்ளதான் இரிக்கி, மகள். அத எடுக்கத்தான் வந்திரிக்கன்."

வாசலில் பக்கீர் முகைதீன் ஹாஜியார் நின்றார். மிருக வைத்தியர் நதீரா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்த நாயொன்று கையுறைக்கு மேலால் முழங்கையை நக்கிவிட்டது. நாயின் ஈரம் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அதற்கென்றே ஒரு வாளி மண் அங்கே இருக்கும். எவ்வளவு அவசரமென்றாலும் அதில் அவள் குறைவிட்டதில்லை.

"இப்பவேவா ஹாஜியார்?"

"ஓம். நாளைக்குக் கடதாசி வந்திரும்."

எந்தக் கடதாசி என்று அவளுக்குத் தெரியும். சொறிக்கல்முனை அன்னப்பிள்ளையின் ஒன்பது வயது மகள் உசாந்தினியை ஒரு நாய் குதறிப்போட்டது ஊரறிந்த கதை. கன்னத்தில் நாற்பத்திரண்டு தையல். இன்னும் வாய் திறந்து சோறு தின்ன முடியவில்லை.

கடித்தது ஹாஜியாரின் அரிசி ஆலைக் காவல் நாய் டைகர்தான் என்று பிள்ளை சொன்னாள். டைகர் அதற்கு முந்திய கிழமையே காய்ச்சலில் செத்துவிட்டது என்று ஹாஜியார் பொலிசில் சத்தியம் பண்ணினார். உடலைத் தேடிப் போனபோது, அது ஆலையின் உமி அடுப்பில் சாம்பலாகியிருந்தது.

டைகரின் மிச்சமென்று இந்த உலகத்தில் இருந்தது ஒன்றுதான். இதே இனத்தில் குட்டிகள் வேண்டுமென்று போன வருடம் அவரே அதன் விந்தை நதீராவின் குளிர்க்குடுவையில் உறையவைத்திருந்தார். மெல்லிய நாலு குழல்கள். உசாந்தினியின் சட்டையில் காய்ந்திருந்த எச்சிலோடு அதை ஒப்பிட்டால் உண்மை வெளியே வந்துவிடும். ஒப்பிடச் சொல்லும் நீதிமன்றக் கட்டளைதான் நாளை வருகிறது.

நேற்று அன்னப்பிள்ளை இங்கே வாங்குப் பலகையில் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். "அதக் கவனமா வெச்சிருங்க டொக்டர். எங்கட புள்ளைக்கு வேற சாட்சியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடியாது என்று சொல்லத்தான் நதீரா வாயெடுத்தாள். ஹாஜியார் முந்திக்கொண்டார். கோபமே இல்லாமல், கலியாண வீட்டில் சுகம் விசாரிக்கிறவர் போலக் கதைத்தார்.

"ஒங்கட மகள் ஸகியா எங்கட மில்லடியாலதானே பள்ளிக்கொடம் போற? தனியாத்தான் போறா. டைகர்ட இடத்துக்கு ரெண்டு புது நாய் எடுத்திரிக்கன். ரெண்டும் இன்னும் ஆள் பழகல்ல."

ஓரத்தில் நின்ற உதவியாளர் மக்கீன் நதீராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. கையுறையைக்கூடத் தேடாமல் நேரே குடுவையடிக்குப் போய் மூடியைத் திறந்தாள்.

வெள்ளைப் புகை எழும்பித் தரையில் படர்ந்தது. சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கான காளை விந்தும், நாயின் விந்தும் அதே குடுவைக்குள் வேறு வேறு கூடைகளில் இருந்தன. ஹாஜியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். நாயைக் காவலுக்குக் கட்டினாரே தவிர ஒரு நாளும் அதன் கிட்டப் போனவரில்லை. சோறு வைத்ததும் இங்கே கொண்டுவந்ததும் ஆலைக் காவல்காரன்தான்.

"நஜீஸ், அசுத்தம். எனக்கிட்டத் தர வேணாம்" என்றார். "நீங்களே சுடுதண்ணில போட்டு, வெட்டி ஊத்துங்க. நான் இங்கிருந்து பாக்கன்."

அவள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். நாலும் கொதிநீருக்குள் விழுந்தன. பிறகு அவற்றைக் கத்தரித்து, உள்ளே இருந்ததைத் தொட்டியில் பிழிந்தாள். விரலெல்லாம் வழிந்தது. ஹாஜியார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை பார்த்தார். ஸகியாவுக்கென்று ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு மேசையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கார்ச் சத்தம் ஓய்ந்ததும் நதீரா அக்கரைப்பற்றில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தாள். இன்றைக்கே வந்து ஸகியாவைக் கூட்டிப் போய்க் கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மக்கீனுக்கு மனம் விட்டுப் போயிற்று. அந்தப் பிள்ளையின் கன்னத்தை அவரும் ஆஸ்பத்திரியில் பார்த்தவர். "நாளைக்கு அன்னப்பிள்ளைக்கு எந்த மொகத்தக் காட்டப் போறீங்க?" என்று கேட்டார். அவர் மண் வாளியைத் தூக்கிவந்து அவள் காலடியில் தொம்மென்று வைத்தார்.

நதீரா வெறுந்தண்ணீரில் ஒரு தரம் கையை அலசிச் சால்வையில் துடைத்தாள். குடுவையைப் பூட்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"மக்கீன் காக்கா, மாட்டு விந்துக்கு என்னத்துக்கு மண்?"