நெருப்பு மூட்டாத சனிக்கிழமை

மைக்கைத் தொடவே மாட்டேன்னுட்டாரு, கூட்டத்துல பேச வந்த எலியாகு சார்.

"பாருய்யா திமிர! கார் அனுப்புனேன், ஏறல. சிந்தாமணிலேர்ந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் வெயில்ல நடந்தே வந்து நிக்கிறாரு. இப்ப மைக்கும் வேணாமாம்!"

மண்டபத்த நடத்துற குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பிராங்க்ளின் சார் என்கிட்ட எரிஞ்சு விழுந்தாரு. நான் அழகிரி, ஜெனரேட்டர்காரன். அன்னிக்கு ஏரியா முழுக்கக் கரண்ட் ஷட்டவுன். மண்டபத்துல ஏசி, லைட்டு, மைக்கு எல்லாமே என் டீசல் புண்ணியத்துலதான் ஓடுது. மேடையில கொட்டை எழுத்துல பேனரு: 'எண்ணெயைச் சேமிப்போம்.'

"ஏன் சார், முன்ன எப்பயாச்சும் ஷாக் அடிச்சிருச்சா அவருக்கு?"

"கொச்சிக்காரருய்யா, யூதரு. இங்கதான் முப்பது வருஷம் வேலை பாத்தாரு. சனிக்கிழமை ஆனா நெருப்பு, கரண்ட், வண்டி எதையும் தொட மாட்டாங்களாம்."

"நாம சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கிறோம், அவங்க எண்ணெய் பக்கமே போறதில்லையா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை வச்சிருக்கலாமே சார்?"

"ஞாயிறு நான் பூசைக்குப் போக வேணாமாடா?"

மிஷின் பக்கம் போயிட்டேன்.

எலியாகு சார் வெறுந்தொண்டையில ஆரம்பிச்சாரு. ஜன்னலுக்கு அந்தாண்ட என் மிஷின் போடுற சத்தத்துல ஒரு எழவும் கேக்கல. முன்வரிசை வியாகுலம்மாள் காதுல ஒரே ஒரு சொல்லு மட்டும் விழுந்திருக்கு.

"எண்ணெயாமே! ஆளுக்கு எத்தன லிட்டரு குடுக்குறாங்க?"

கூட்டமே சிரிச்சுது. அவரு மேடைய விட்டு எறங்கி நேரா என்கிட்ட வந்தாரு. முகம் செத்துப் போயிருந்துச்சு.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குங்க."

"நிறுத்திரவா சார்?"

"அத நான் சொல்லக்கூடாது. நான் சொல்லி நீங்க செஞ்சா, நானே செஞ்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க?"

"சத்தமா இருக்குன்னு சொல்லலாம்னுதான்."

திரும்பி மேடைக்கே போயிட்டாரு.

நிறுத்துனா பிராங்க்ளின் சார் என்னைய ஒழிச்சிருவாரு. இந்த மண்டபத்துக் கல்யாணங்களாலதான் என் வீட்ல உலை வைக்கிறோம். ஆனா அந்த மனுஷன் அப்படி என்னதான் சொல்ல வந்தாருன்னு எனக்கே கேக்கணும் போல இருந்துச்சு.

நிறுத்திட்டேன்.

இப்ப கணீர்னு கேட்டுச்சு.

"வெளக்குல தேவைக்கு மேல ஒரு சொட்டு எண்ணெய் எரிஞ்சாலும் பாவம்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. வாரத்துல ஒரு நாள் நாங்க எதையும் எரிக்கிறதில்ல. அதனால செத்தா போயிட்டோம்? ஒரே ஒரு நாள் உங்களால..."

ஏசி நின்னு ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அழைப்பிதழால விசிறிக்கிட்டே ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்க. எட்டிப் பாத்தேன். வாசல்ல அத்தன கார்லயும் இஞ்சின் ஓடுது. உள்ள ஏசியில உக்காந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க.

பிராங்க்ளின் சார் ஓடி வந்தாரு. "எவன்டா நிறுத்தச் சொன்னது? அந்த ஆளா?"

ஆமான்னா, அவரோட சனிக்கிழமை கெட்டுரும்.

"யாரும் சொல்லல சார். டீசல் தீந்துபோச்சு."

"டீசல் ஊத்தி வைக்கக்கூட துப்பில்லாதவனுக்கு எதுக்குடா ஜெனரேட்டரு? இனிமே இந்த மண்டபத்துப் பக்கம் ஒன்னையப் பாக்கக்கூடாது!"

மிஷின வண்டியில ஏத்திட்டுக் கெளம்புனேன். உள்ள எலியாகு சார் காலி நாற்காலிங்களுக்கு இன்னும் பேசிக்கிட்டுதான் இருந்தாரு. வாசல் போர்டுல பிராங்க்ளின் சார் சாக்பீஸால எழுதிக்கிட்டிருந்தாரு:

'போதிய டீசல் இல்லாத காரணத்தால், எண்ணெய் சேமிப்புக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது.'