சேமித்த பிறகு கேட்க வேண்டியது

காக்களூர் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் பட்டறைக்கு மேலேயிருக்கும் அலுவலகத்தில் சிஃபாவின் கணினித் திரை முழுக்கப் பச்சை. தொழிலாளர் பதிவுப் பக்கத்துக்கு அவள் எழுதிய நாற்பது தானியங்கிச் சோதனைகளும் தேறிவிட்டன. எதிரே, பட்டறையிலிருந்து ஏறிவந்த கெங்கம்மாள் எண்ணெய் படிந்த விரல்களால் புது அடையாள அட்டையை நீட்டுகிறாள். "ஓ நெகட்டிவ்னு எழுதிக் குடுத்தேம்மா. பி பாசிட்டிவ்னு அடிச்சிக்கீறாங்க. மெஷின்ல கை மாட்டிக்கினா எனக்கு இன்னா ரத்தம் ஏத்துவாங்க?" சிஃபாவுக்குக் காது சூடாகிறது. சோதனையைத் திறந்து பார்க்கிறாள். அது ரத்த வகையைத் தேர்ந்தெடுக்கிறது, சேமிக்கிறது, அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அவள் வைத்திருந்த சரிபார்ப்பு வரியைக் காணோம்; கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் மேலாளர் பெயர்.

"அந்த வரிய ஏன் சார் எடுத்தீங்க?"

பக்கத்து மேசையில் மேலாளர் மோகன்ராஜ் டீயை உறிஞ்சுகிறார். "சும்மா சும்மா செவப்பு காட்டி ஒரே பேஜாரும்மா. பக்கம் தொறக்குதான்னு மொதல்லயே பாத்துக்கினுதான கீறோம்?"

"தொறந்தா போதுமா? போட்டது போட்டபடி இருக்கான்னு சேமிச்ச பிறகுதான சார் கேக்கணும்?" விசைப்பலகை அதிர அந்த வரியை மறுபடி அதே இடத்தில் தட்டிச் சோதனைகளை ஓடவிடுகிறாள். கீழே இயந்திரம் இடிக்கிறது, மேசை நடுங்குகிறது. பச்சை வரிசையின் நடுவே ஒன்று சிவக்கிறது.

"பதினோரு மணிக்கு மொதலாளி பாக்க வர்றாரு. அத்த எடுத்துடு."

சிஃபா எழுந்து தன் நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பிப் போடுகிறாள். "நீங்க உக்காருங்கக்கா. மொதலாளி வந்ததும் அட்டையக் காட்டுங்க."