ஏரிக்கு வந்த விரால்

குளம் வற்றிப்போனதும், மழை ஈரத்தில் வயல்வழியே நெளிந்து நெளிந்து ஒரு விரால்மீன் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீருக்கு இரண்டு முழம்தான் பாக்கி. ஆனால் மடைவாயில் ஒரு கெளுத்தி முள்ளை விரித்துக்கொண்டு நின்றது.

"நில்லு. எந்த ஊர் நீ?"

"முதல்ல உள்ளே விடுங்கண்ணே. மேலே பருந்து சுத்துது."

"அது தினமும் சுத்தும். நாங்க ஏழு தலைமுறையா இந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவங்க. பூர்வீகம் தெரியாம யாரையும் சேர்க்க மாட்டோம்."

கெளுத்திக்குப் பின்னால் கெண்டைகள் கூடிவிட்டன. விராலின் முதுகு காய்ந்து இழுத்தது. பருந்தின் நிழல் அதன்மேல் விழுந்து நகர்ந்தது.

"கோரைக்குளம்," என்றது விரால். "அம்மாவுக்கும் அம்மாவைப் பெத்தவளுக்கும் அதுதான். இப்போ அங்கே சேறுகூட இல்லை."

கெளுத்தியின் மீசை அசையாமல் நின்றது. நிழல் மறுபடி வந்தது, இந்த முறை பெரிதாக. சட்டென்று கெளுத்தி முள்ளை மடக்கி ஒதுங்கியது. விரால் ஒரே துள்ளலில் தண்ணீருக்குள் விழுந்தது. பருந்தின் கால் வெறும் சேற்றைக் கீறிக்கொண்டு போனது.

"விசாரிச்சாச்சு, கலைஞ்சு போங்க," என்று கெளுத்தி கெண்டைகளை விரட்டியது. கடைசிக் கெண்டையும் போன பிறகு விராலின் அருகே வந்து குரலைத் தாழ்த்தியது.

"அந்தக் குளத்து நடுவுல ஒரு வழுக்குப் பாறை, அதுக்கடியில ஒரு பொந்து... இன்னும் இருக்கா?"