ஒற்றை இருக்கை

வண்டியின் பின்கதவை மேலே தூக்கினான்.

மகள் எட்டிப் பார்த்தாள்.

ப்ளைவுட் பலகை, பின்கதவிலிருந்து முன்கண்ணாடியின் அடிவரை. மேலே இரண்டு மெத்தைகள். இடப்பக்கம் அவனுக்கு, ஓட்டுகிற இருக்கைக்குப் பின்னால் காலை மடக்கிப் படுக்கலாம். வலப்பக்கம் அவளுக்கு, முழு நீளமாக. கீழே இழுப்பறை. அதற்குள் அடுப்பு, இரண்டு கோப்பைகள், ஒரு சட்டி.

பழைய ஸ்டேஷன் வேகன். நான்கு சக்கரங்களும் இழுக்கும். இரண்டு அங்குலம் உயர்த்தி, சேற்றுக்கென்று தடித்த டயர் போட்டிருந்தான். ஏரிக்குப் போகிற கடைசி எட்டு கிலோமீட்டரும் மண்பாதை. அடுத்த கிழமையிலிருந்து பனிக்காலம் முடியும்வரை அதைப் பூட்டிவிடுவார்கள்.

மிதுரா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். தன் மெத்தையில் நீட்டிப் படுத்தாள். இறங்கினாள். வீட்டுக்குள் ஓடினாள்.

பிடித்திருக்கிறது என்று நினைத்தான்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு இரண்டு இரவுகள் கிடைத்திருந்தன. திங்கள் மாலை திருப்பி விட வேண்டும். பிழையில்லாமல் நடந்தால் இனி மாதம் ஒருமுறை. அவன் மனைவியாக இருந்த நிரோஜினி அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் இப்போது தன் வீட்டு கராஜ் வாசலில் நின்றாள். கையைக் கட்டியிருந்தாள்.

மிதுரா திரும்பி வந்தாள். இரு கைகளாலும் தன் குட்டி இருக்கையை அணைத்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்புப் பட்டி சரியான இடத்தில் விழுவதற்காக அடியில் வைப்பது. அது இல்லாமல் ஏற்றினால் போலீஸ் மறிக்கும்.

"அப்பா, இதை எங்க வைக்கிறது?"

அவன் உள்ளே பார்த்தான்.

பலகை. மெத்தை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு இருக்கை.

ஒன்று.

பின் இருக்கைகளை மே மாதமே கழற்றிக் குப்பை நாளில் தெருவோரம் வைத்துவிட்டான். யாரோ கொண்டுபோனார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை ஜூனில் எடுத்தான். அவளுடைய படுக்கைக்கு நீளம் போதவில்லை என்று.

பாண் சுடுகிற தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டபிறகு பகல் முழுவதும் இதுதான் செய்தான். அளந்தான், அறுத்தான், முடுக்கினான். இணையத்தில் நாற்பது வீடியோக்கள் பார்த்தான். ஒன்றிலும் பிள்ளைகள் இல்லை.

நிரோஜினி நடந்து வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். அவசரப்படவில்லை.

"நாலு சில்லும் இழுக்குமாம். பிள்ளை இருக்க ஒரு கதிரை இல்லை."

சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

கழற்றிய பக்கத்து இருக்கை தன் அறையில் இருக்கிறது என்றான். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். போக நாற்பது நிமிடம், வர நாற்பது, பூட்ட அரை மணி. இரண்டு மணிக்குள் வந்தால் விடுகிறேன் என்றாள். பிறகு வந்தால் வேண்டாம், இருட்டில் மண்பாதையில் பிள்ளை போக வேண்டியதில்லை.

இருக்கை வருமிடத்தில் பலகை நின்றது. பசை போட்டு ஒட்டி, மேலே ஸ்குரூவும் அடித்திருந்தான். கழலாது. இழுப்பறையிலிருந்து கைவாளை எடுத்தான்.

மிதுரா நடைபாதை விளிம்பில் நின்று பார்த்தாள். மரத்தூள் அவளுடைய மெத்தையில் விழுந்தது. தலைமாட்டில் மூன்றடி துண்டாக வந்தது.

மிச்சத்தில் ஏறிப் படுத்துக் காட்டினாள். தலைக்கு மேலே ஒரு சாண் மீதமிருந்தது.

அவளுக்கு அவ்வளவு நீளம் தேவையே இருக்கவில்லை. அவளுடைய உயரம் தெரியாமல், தன்னையே இரண்டு முறை அளந்திருந்தான்.

பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினான்.

அவனுடைய பேஸ்மென்ட் அறையில் அந்த இருக்கை ஒரு மரச்சட்டத்தில் பூட்டியிருந்தது. டிவிக்கு எதிரே. கட்டில் இருந்தது. தூக்கம் அதில் வருவதில்லை. ஜூனிலிருந்து இந்த இருக்கையில்தான்.

நான்கு போல்ட். கழற்றித் தோளில் தூக்கினான். படியில் வீட்டுச் சொந்தக்காரி வழிவிட்டு நின்றாள்.

"என்ன தம்பி, வீடு விடப்போறீரோ? ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்லோணும்."

"இல்லை அக்கா. பிள்ளையை ஏத்த."

அவள் இருக்கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் வெளியே போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வண்டித் தரையில் பழைய துளைகள் அப்படியே இருந்தன. இருக்கை பிழையில்லாமல் உட்கார்ந்தது. போல்ட்டை முடுக்கினான். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

போகலாம்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க அதில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். பட்டியை இழுத்துப் பூட்டினான். முன்னால் சாய்ந்து ஒரு உதறு உதறினான். பட்டி பிடித்தது.

இந்தப் பக்கத்திலிருந்து வண்டியை அவன் பார்த்ததில்லை. கண்ணாடியில் இலைகள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் திரும்பினான்.

ஸ்டியரிங். அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

போக மூன்று, வர மூன்று என்று மகள் ஆறு மணி நேரம் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

போன் அதிர்ந்தது. நிரோஜினி.

வாறீங்களோ? பிள்ளை கேக்குது.

மணி ஒன்று இருபது. இப்போதே கிளம்பினால்தான் இரண்டுக்குப் போய்ச் சேரலாம்.

பட்டியைக் கழற்றாமலே வாறன் என்று எழுதினான். அனுப்பினான்.

பட்டி நன்றாகப் பிடித்திருந்தது.