மெலிந்த கோடு

“இந்த வாரமும் ஒன் வீட்டுக்காரரு பூசைக்கு வரலையா?”

மாதா கோயில் வாசலில் அருளம்மாள் கேட்டதும் ஜெனிஷாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆவூரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒருவர் வரவில்லை என்றால் காய்ச்சலில் கிடக்க வேண்டும், இல்லை வெளிநாட்டில் இருக்க வேண்டும். டேவிட்டோ கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“தலைவலியாம், பெரியம்மா.”

“வாராவாரமா?”

ஜெனிஷா வேகமாக நடையைக் கட்டினாள்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு கவலை காத்திருந்தது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. கம்ப்யூட்டரோடு இணைத்த டேப்லெட்டில் பேனாவை வைத்து வரைவாள். லேசாக வைத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. கொஞ்ச நாளாக அந்த அழுத்தத்தில்தான் தகராறு. யானைக்கு முதுகு போட்டால் நூல் மாதிரி விழுந்தது.

நிப்பை மாற்றிப் பார்த்தாள். வயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. தன்னையறியாமல் கொஞ்சம் கூட்டி அழுத்தி ஒப்பேற்றினாலும், வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போனது.

உண்மையில் அவள் பயம் பேனாவைப் பற்றியதில்லை. போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் பிரித்தபோது ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. அப்படியும் வரைய முடிகிறதே என்று சந்தோஷப்பட்டவள்தான். இப்போது கை மறுபடியும் விட்டுப்போகிறதோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கோளாறு பேனாவில் இல்லை என்றால், பதிப்பகத்துக்குப் போன் போட்டு இனிமேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

அன்று மதியம், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் முத்துராஜ் அவள் கூப்பிட்டதன் பேரில் விராலிமலையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். கை முறிந்த பிறகு இந்தப் புது டேப்லெட்டை மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

பேனாவை வாங்கி ஒரு கோடு போட்டான். மெல்லிசாக ஆரம்பித்துக் கொழுகொழுவென்று முடிந்தது.

“பேனா நல்லாத்தான இருக்குங்கக்கா. நீங்க போடுங்க.”

ஜெனிஷா பட்டும் படாமலும் வைத்தாள். நூல்தான்.

“அழுத்துங்கக்கா.”

“பயமா இருக்கு தம்பி.”

முத்துராஜ் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான்.

“இதை யாரு மாத்துனது? நான் மாட்டும்போது ரொம்ப சாஃப்ட்டா வச்சிட்டுப் போனேன். பூ மாதிரி தொட்டாலே தடிச்சு விழும். இப்ப நடுவுக்கு வந்திருக்கு. அழுத்துனாத்தான் தடிக்கும்.”

“நான் அங்கிட்டுப் போனதே இல்லையே!”

சொல்லிக்கொண்டே திரும்பினாள். டேவிட் கதவோரம் நின்று காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க, நீங்களா?”

“ம்.”

“எப்ப?”

“நீ பூசைக்குப் போயிருக்கும்போது. வாராவாரம், கொஞ்சம் கொஞ்சமா.”

ஜெனிஷாவுக்கு வந்ததே கோபம்!

“சாமியை விட்டுட்டு வீட்ல ஒக்காந்து என் பொழப்பைக் கெடுத்தீங்களா? கை போச்சுன்னு நெனச்சு நான் தினம் தினம் செத்துக்கிட்டு இருக்கேன். இந்த வேலையே வேணாம்னு சொல்லப் போனேன், தெரியுமா? நான் வரையிறது பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல!”

பேசிய வேகத்தில் பேனாவைப் பிடித்து, யானை முதுகில் குத்தாத குறையாக ஓர் இழு இழுத்தாள். கோடு கன்னங்கரேலென்று தடித்து விழுந்தது.

முத்துராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அக்கா, அன்னைக்கு சாஃப்ட்டா வைக்கச் சொன்னதே அண்ணன்தான். ‘அவ கையில தெம்பில்ல, தொட்டாலே வர்ற மாதிரி வச்சுக் குடு, அவகிட்ட சொல்லாத’ன்னாரு.”

டேவிட் காலண்டரை விட்டுவிட்டு வந்தான்.

“அமுக்கிப் பழகுங்கன்னு டாக்டர் ரப்பர் பந்து குடுத்தாரு. நீ வலிக்குதுன்னு அதைப் பரண்ல தூக்கிப் போட்ட. பழகலைன்னா கை கடைசி வரைக்கும் இப்படியே நின்னுரும்னாரு. பந்தைத் தொட மாட்ட. பேனாவை விட மாட்டேல்ல? அதான் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே வந்தேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா பந்து போன எடத்துக்குப் பேனாவும் போயிருக்கும்.”

ஜெனிஷா பேனாவை மேசையில் வைத்தாள்.

“இப்ப நடுவுல இருக்கே, இதுதான் எல்லாரும் வரையிற அளவு. இன்னைக்குக் காலையிலதான் அங்க கொண்டாந்து நிறுத்துனேன்.” டேவிட் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “ஆமா, இப்ப ஒரு இழு இழுத்தியே, கை வலிச்சுச்சா?”

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“இல்லங்க.”

டேவிட் சிரித்தான்.

“அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை நானும் பூசைக்கு வாரேன்.”